யோகாவுக்குப் பெயர்ப்பலகை எதற்கு?

சர்வதேச யோகா தினமான ஜூன் 21 நெருங்கினால் போதும், பத்திரிகைகளிலும் யூடியூபிலும் ஓர் அட்டவணை வந்துவிடும். இருபது வயதுக்காரருக்கு அஷ்டாங்க வின்யாசா, முதுகுவலிக்கு ஐயங்கார் யோகா, எடை குறைய ஹாட் யோகா, அறுபதைத் தாண்டியவருக்கு மென்மையான ஹட யோகா. உங்களுக்குப் பொருத்தமான பாணியைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

இந்தப் பாணிகள் எல்லாம் தனித்தனியே முளைத்த பழம்பெரும் மரபுகள் என்ற நம்பிக்கைதான் அட்டவணையின் அடிப்படை. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை நடந்தது. ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அங்கே அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ் வளர்த்ததுதான் அஷ்டாங்க வின்யாசா. கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து அவதிப்பட்டவர். 1937இல் புனே சென்று, நாற்காலி, கயிறு, பெல்ட், மரக்கட்டை ஆகியவற்றின் துணையோடு ஆசனம் செய்யும் முறையை உருவாக்கினார். ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்த இந்திரா தேவியும் அதே ஆசிரியரின் மாணவிதான். துள்ளித் தாவும் அஷ்டாங்கத் தொடரும் நாற்காலி யோகாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கிருஷ்ணமாச்சாரியாரின் கதை மைசூரோடு முடியவில்லை. 1952இல் சென்னைக்கு வந்தார். அரண்மனையில் துடிப்பான சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் இங்கே வந்தவர்களில் நோயாளிகளும் நடுத்தர வயதினரும் இருந்தார்கள். பாடமும் மாறியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மூச்சை முன்னிறுத்தி, ஆசனத்தை ஆளுக்கேற்ப மாற்றிக் கொடுத்தார். அவர் பெயரில் 1976இல் மகன் தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய யோக மந்திரமும் இந்த வழியில்தான் நடக்கிறது. ஆசிரியர் ஆளைப் பார்த்துப் பாடத்தை மாற்றினார். பாடங்களுக்குப் பெயர் வைத்து, ஆளை அதற்குள் திணிக்கும் வேலையை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, பழமையாவது உண்டா? பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டின் ஹட யோகப் பிரதீபிகை விவரிப்பது 15 ஆசனங்களை. இன்று பல வகுப்புகள் தொடங்கும் சூரிய நமஸ்காரம் அதில் இல்லை. அதை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர் 1920களில் ஔந்த் சமஸ்தானத்தை ஆண்ட மன்னர். புதிது என்பதால் குறைவில்லை. ஆனால் 'ஐயாயிரம் வருடப் பாணி' என்று விளம்பரம் செய்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது வயதுக் கணக்கு. நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருக்கும் இருபத்தெட்டு வயது ஐடி ஊழியருக்குத் தரையில் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்காரவே சிரமமாக இருக்கலாம். அறுபது வயதிலும் வயலில் நாற்று நடும் பெண்மணி கையூன்றாமல் எழுந்து நிற்பார். அட்டவணைப்படி முன்னவருக்கு அதிரடி, பின்னவருக்கு மென்மை! 'மென்மையான' வகுப்பு என்றால் எல்லாருக்கும் பாதுகாப்பானது என்பதும் தவறு. எலும்பு அடர்த்தி குறைந்தவர் முதுகை வளைத்துப் பச்சிமோத்தானாசனம் செய்தால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் இருக்கிறது; பல மென்மையான வகுப்புகளிலும் அந்த ஆசனம் உண்டு. சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கிளாக்கோமா இருப்பவர் எந்தப் பாணியில் தலைகீழாக நின்றாலும் பாதிப்பு ஒன்றுதான். பத்மாசனம் சிலருக்கு எத்தனை வருடமானாலும் வராது. இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். வராத இடத்தில் வலிந்து மடக்கினால் அடிபடுவது முழங்கால்.

ஹாட் யோகாவில் வியர்த்தால் உடம்பின் நச்சு வெளியேறும் என்ற பேச்சுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. பிக்ரம் சவுத்ரியின் ஹாட் யோகாவில் சுமார் 40 டிகிரி அறையில் 90 நிமிடம் 26 ஆசனங்கள். முடிந்ததும் குறைந்திருக்கும் எடை இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். (அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோரிய வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் முடியாது என்று தீர்ப்பளித்தது.) கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர்களும் அந்த அறைப் பக்கம் போகாதிருப்பது நல்லது. கத்திரி வெயிலில் சென்னையில் மொட்டை மாடிக்கு ஏறினால் காசில்லாமலே அந்த வெப்பம் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

பாணியின் பெயரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐயங்கார் வகுப்பு என்றால் நாற்காலியும் பெல்ட்டும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மூட்டுவலிக்காரருக்கு அது உதவும். மாதத்துக்கு ஒரு பாணி என்று மாறிக்கொண்டிருந்தால் எதுவும் கைவராது என்பதும் உண்மை. ஆனால் கடுமைக்குப் பேர்போன அஷ்டாங்க வின்யாசாவிலேயே மைசூர் முறை வகுப்பில் ஒவ்வொருவரும் தன் வேகத்தில் செய்கிறார். ஆசிரியர் நடந்து வந்து அவரவருக்கு வேண்டியதைத் திருத்துகிறார். அதே பெயரில் நாற்பது பேரை வரிசையாக நிறுத்தி மைக்கில் எண்ணிக்கை சொல்லும் வகுப்பும் நடக்கிறது. பலகையில் எழுதியிருப்பது ஒன்றே, உள்ளே நடப்பது வேறு. சுவரில் தொங்கும் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இதைக் காட்டிக்கொடுக்காது. ரிஷிகேஷில் தங்கிப் படித்தால் ஒரு மாதத்துக்குள் வாங்கிவிடலாம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்புக்குச் சும்மா போய்ப் பாருங்கள். உங்கள் ரத்த அழுத்தம், பழைய அறுவைச் சிகிச்சை, முழங்கால் வலி, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்களுக்காக ஓர் ஆசனத்தையாவது மாற்றினாரா, ஒன்றையாவது வேண்டாம் என்று தடுத்தாரா என்று கவனியுங்கள். 'எல்லாருக்கும் இதுதான், பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று பதில் வந்தால், எவ்வளவு புகழ்பெற்ற பாணியாக இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.