படகுக்குத் தக்க மோட்டார்

கிணற்றின் ஆழத்தையும் ஊற்றின் அளவையும் அறியாமல் பம்புசெட்டு வாங்கியோர் அடைந்த நஷ்டம் நம் விவசாயிகள் அறியாததன்று. பழவேற்காடு ஏரியில் ஓடும் சிறு படகுகளுக்கு மின்சார மோட்டாரும் பாட்டரியும் பொருத்த நினைப்போர் அதே பிழையைச் செய்யாதிருத்தல் வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலுகாக்களில் படகு வைத்திருக்கும் நிலமுடையோரும், ஊர்ப் பொதுவில் படகு வாங்க யோசனை கூறும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைச் சற்று ஊன்றிக் கவனித்தல் நலம்.

படகிலுள்ள பழைய எஞ்சினின் குதிரைச்சக்தியைப் பார்த்து அதே அளவில் மோட்டார் வாங்குவது வீண் செலவென்பது எமது அபிப்பிராயம். வேகம் இருமடங்கானால் தண்ணீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும். ஆகையால், முதலில் தீர்மானிக்க வேண்டியது மோட்டாரின் அளவன்று. நமக்குப் போதுமான வேகமேயாம்.

இதை அறிய எளிய வழியொன்று உண்டு. வழக்கமான பாரத்தை ஏற்றிய படகை மற்றொரு படகின் பின்னே கயிற்றால் கட்டி, கயிற்றின் நடுவே ஒரு வில்தராசை மாட்டி, அமைதியான நீரில் வேண்டிய வேகத்தில் இழுத்துப் பார்க்கலாம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் தராசு 20 கிலோ காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குரிய சக்தி சுமார் 330 வாட். விசிறியிலும் மோட்டாரிலும் பாதிக்கு மேல் விரயமாவதால், பாட்டரியிலிருந்து சுமார் 820 வாட் எடுக்க நேரிடும். எதிர்காற்றையும் எண்ணி ஒன்றரைக் கிலோவாட் மோட்டார் வைத்தால் போதும். அதே படகை 12 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்த விரும்பினால் ஆறரைக் கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படும்.

அடுத்தது பாட்டரி. நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் 3.3 யூனிட் செலவாகும். பிற்பகலில் கடற்காற்று எதிர்த்து வீசும் நாட்களுக்காக மூன்றிலொரு பங்கு கூட்டினால் 4.4 யூனிட். ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 9 யூனிட் கொள்ளளவு வேண்டும். அதன் எடை 250 கிலோவுக்குக் குறையாது. நான்கு ஆட்களின் பாரம் படகில் எப்பொழுதும் இருப்பதற்கு அது சமம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியாயின் ஐந்தரை யூனிட் போதும். எடையும் சுமார் 60 கிலோதான். முதல் விலை அதிகமாயினும், ஆழங்குறைந்த இவ்வேரியில் படகு இலேசாக மிதப்பதே பெரிய அனுகூலம். உப்புநீர் படாதபடி பெட்டியையும் இணைப்புகளையும் மூடிவைத்தல் அவசியம். பழுதான பாட்டரியை வீட்டில் உடைப்பது கூடாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறுவோரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகு இதற்கு நல்ல உதாரணம். 75 பேரை ஏற்றும் அப்படகுக்கு 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டும், 50 யூனிட் பாட்டரியும் அமைக்கப்பட்டன. இரண்டு மோட்டார்களையும் முழுச் சக்தியில் ஓட்டினால் அப்பாட்டரி ஒன்றேகால் மணி நேரமே தாங்கும். மிதமான வேகமும், கூரைமேல் விழும் வெயிலுமே அதை நாள் முழுதும் ஓடச் செய்கின்றன.

கடலில் வெகுதூரம் விரைந்து செல்ல வேண்டியவர்கள் இப்போதைக்கு டீசல் எஞ்சினை விட்டுவிட அவசரப்பட வேண்டுவதில்லை. ஏரிக்குள் நிதானமாய்ப் போய்வரும் படகுகளுக்கோ மின்சாரம் ஏற்றதே. விற்பவர் சொல்லும் குதிரைச்சக்தியை நம்பிக் கடன் வாங்குமுன் ஒரு நாள் தராசு கட்டி இழுத்துப் பார்ப்பது பணத்தையும் காக்கும். பொழுது சாயும் வேளையில் நடு ஏரியில் நின்று தவிக்காமலும் காக்கும்.