பாசிநெய்யும் பகற்கனவும்

ஊருணியில் படரும் பாசியைத் தமிழன் நெடுங்காலமாக அறிவான். பசுமை, பசலை, பாசி யாவும் ஒரு வேரிற் கிளைத்த சொற்கள். தலைவியின் மேனியிற் படரும் பசலைக்குக் கேணிப் பாசியை உவமை காட்டிற்று குறுந்தொகை. அந்தப் பாசியைப் பிழிந்து ஊர்தி ஓட்டலாம் என்று மேலைநாட்டார் சொல்லத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டாகிறது. சொன்னதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கும் எழுத்து தமிழில் அரிது. ஆங்கிலச் செய்தியை அரைகுறையாய்ப் பெயர்த்த வியப்புரைகளே மலிந்து கிடக்கின்றன.

பாசியின் பெருமை பொய்யன்று. நிலத்துப் பயிர் வேர், தண்டு, பட்டை என உடலைக் கட்டுவதிலேயே தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. நுண்பாசிக்கோ ஓர் உயிரணுவே உடல். (இத்துணை எளிய சொல் இருக்க, 'மைக்ரோ ஆல்கே' என்றெழுதும் தமிழ்நாட்டு அறிவியலார் நாணுவாராக!) ஒரே நாளில் இருமடங்காகப் பெருகும் வகைகள் உண்டு. நெல் விளையும் நன்செய் அதற்கு வேண்டா. உவர்நீரும் கழிவுநீரும் போதும். இன்று நிலத்தடியிலிருந்து இறைக்கப்படும் பாறைநெய்யே, முன்னொரு காலத்தில் கடலில் வாழ்ந்து மடிந்து சேற்றிற் புதைந்த நுண்பாசிகளும் அவைபோன்ற சிற்றுயிர்களும் தந்த கொடைதான். இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளிற் செய்ததை மாந்தன் ஒரு கிழமையிற் செய்ய முனைந்தான். இடர் அங்கே தொடங்கிற்று.

அமெரிக்க ஆற்றல் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டமே இதில் முதற் பெருமுயற்சி. ஏறத்தாழ 2½ கோடி தாலர் செலவிட்டு, 3,000 பாசி வகைகளைத் திரட்டி, தேறியவை 300 என வடித்தெடுத்தனர். நியூமெக்சிக்கோவின் உராசுவெல் நகரில் 1,000 சதுரமீட்டர்ப் பரப்புள்ள குட்டைகள் அமைத்து வளர்த்தனர். சிற்சில நாள்களில் சதுரமீட்டருக்கு 50 கிராம் கிடைத்தது. குளிரால் விளைச்சல் படுத்துவிட, எல்லா நாளையும் சேர்த்து நிரவிப் பார்த்தபோது 10 கிராமே தேறிற்று. அதனினும் முதன்மையான உண்மை ஒன்று வெளிப்பட்டது. பாசிக்குத் தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் எண்ணெய் கூடுகிறது. ஆனால் வளர்ச்சி குன்றிவிடுகிறது. கொழுக்கும் பாசி பெருகாது. பெருகும் பாசி கொழுக்காது. விலையோ பாறைநெய்த் தீசலைப்போல் இருமடங்கிற்கும் மேல். இவற்றை 1998-இல் வெளிவந்த நிறைவறிக்கை ஒளிக்காமல் கூறிற்று. அந்த நேர்மை பின்வந்த வணிகரிடம் இல்லை.

கணக்கைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். திறந்த குட்டையில் ஓர் இலிட்டர் நீரில் மிதக்கும் பாசி ஏறத்தாழ அரைக் கிராம். ஒரு கிலோ உலர்பாசி வேண்டின் 2,000 இலிட்டர் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படா அணுக்களைத் துணியிட்டு வடிக்க இயலுமா? சுழற்பொறி வேண்டும், அது சுழல மின்னாற்றல் வேண்டும், வடித்ததை உலர்த்த வெப்பம் வேண்டும். நெய்யெடுக்கச் செலவாகும் ஆற்றலே நெய் தரும் ஆற்றலை விழுங்கிவிடின் அஃது ஆக்கமாகுமா? காற்றில் உள்ள கரிவளியோ பத்தாயிரத்தில் நான்கு பங்கே. பாசி விரைந்து வளர அது போதாது. ஆலைப்புகையிலிருந்து குழாய்வழிக் கொணர வேண்டும். ஒரு கிலோ பாசிக்கு ஏறத்தாழ 1.8 கிலோ. பாசிநெய் எரியும்போது அதன் பங்கு மீண்டும் வானுக்கே ஏறும்.

உரத்தின் கதை இன்னும் கொடிது. அமெரிக்க ஊர்திகளின் எரிபொருளில் வெறும் 5 விழுக்காட்டைப் பாசியால் ஈடுசெய்வதென்றால், உரத்தை மீட்டுப் பயன்படுத்தாவிடின், 60 முதல் 150 இலக்கம் டன் தழைச்சத்தும் 10 முதல் 20 இலக்கம் டன் மணிச்சத்தும் வேண்டும் என்று அந்நாட்டுத் தேசிய ஆய்வுக்குழு 2012-இல் கணித்தது. நன்செய் வேண்டா என்ற பாசி, நன்செய்யின் உரத்தைக் கேட்கிறது!

எக்சான்மொபில் என்னும் எண்ணெய்ப் பெருநிறுவனம் 2009-இல் 60 கோடி தாலர் வரை செலவிடுவதாக முழங்கிக் களமிறங்கியது. 2017-இல் மரபணுவைத் திருத்தி எண்ணெயை இருமடங்காக்கினர்; ஆய்வு என்ற அளவில் அது பாராட்டத்தக்கதே. 2025-க்குள் நாளொன்றுக்கு 10,000 பீப்பாய் எடுக்கும் தொழில்நுட்பம் கைக்கு வரும் என்று 2018-இல் கூறினர். உலகம் நாள்தோறும் எரிப்பது ஏறத்தாழ 10 கோடி பீப்பாய். சொன்ன இலக்கே பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆயினும் விளம்பரங்களில் பச்சைக் குட்டைகள் பளபளத்தன. 2023-இல் நிறுவனம் ஓசையின்றி விலகிக்கொண்டது. பாறைநெய் விற்பனை மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

தமிழகம் இத்தகைய கனவை ஏற்கெனவே ஒருமுறை கண்டது. 2003-இல் தில்லித் திட்டக்குழு காட்டாமணக்கைப் போற்றிப் பாடிற்று. தரிசிலும் விளையும், நீர் வேண்டா என்றனர். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததினும் மிகக் குறைந்ததையும் உழவர்க்கு அது கைகொடுக்காமற் போனதையும் எடுத்துக் காட்டிற்று.

பாசிக்கு வேலையே இல்லையென்பதன்று. கழிவுநீரைத் தூய்மை செய்வதிலும், சுருள்பாசியாய் உணவாவதிலும் அது தன் தகுதியை மெய்ப்பித்துள்ளது. கழிவுநீர்க் குட்டையில் தானே வளரும் பாசியிலிருந்து எரிவளி எடுப்பதும் ஏற்கத்தக்கதே. அங்கு நீரும் உரமும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஊர்திகளுக்கெல்லாம் நெய் வார்க்கும் என்பதே பகற்கனவு.

நாளை எவரேனும் கடற்கரை உவர்நிலத்தைக் குத்தகை கேட்டு வருவாராயின், ஊரார் கேட்க வேண்டியவை சில: நீர் எத்துணை? உரம் எங்கிருந்து? வடிக்கவும் உலர்த்தவும் மின்னாற்றல் எத்துணை? ஆண்டு முழுதும் நிரவிய விளைச்சல் என்ன? எஞ்சும் உவர்க்கழிவு எங்கே போகும்? இவற்றிற்குரிய விடைகள் தமிழில் எழுதித் தரப்படுதல் வேண்டும். ஒப்பந்தத்தாள் ஆங்கிலத்தில் மட்டும் வருமாயின் கையொப்பமிடாது திருப்பி அனுப்புக.