இருபது வருஷமா நிரம்பாத செப்டிக் டேங்க் பெருமையல்ல!

இன்று கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

கீழப்பழுவூரில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "எங்க டேங்க் கட்டி இருபது வருஷமாச்சு சார், ஒரு தடவைகூட எடுக்கலை!"

எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும் கேள்வியை நான் கேட்கிறேன். தினமும் உள்ளே போவது எங்கே போயிற்று? அடியில் தளம் போட்ட தொட்டி என்றால் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுத்தே ஆகவேண்டும். நிரம்பவே இல்லை என்றால் அது தொட்டி அல்ல, உறை இறக்கிய ஓட்டைக் குழி. உங்கள் கழிவு மண்ணுக்குள் இறங்கி, பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போகிறது. உங்கள் போர்வெல்லுக்கும்தான்!

குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது விதி. இரண்டு சென்ட் மனையில் அதற்கு இடம் ஏது? "கொதிக்க வைத்துக் குடிக்கிறோம்" என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

அடுத்த வாதம், "சின்ன ஊருக்கு எதுக்கு சார் சுத்திகரிப்பு நிலையம்?" கணக்குப் போடுவோம். ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு 55 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகும். ஆயிரம் வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் தினமும் 1,76,000 லிட்டர். 4,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 44 நடை. குழாயில் தண்ணீர் வருவதற்குக் கைதட்டினோம். போகும் தண்ணீரைப் பற்றி யார் பேசினோம்?

டேங்க் எடுக்கும் லாரியை மட்டும் குறை சொல்லாதீர்கள். கொட்ட இடம் காட்டாவிட்டால் அவர் ஓடையில்தான் கொட்டுவார். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி ஒரு பேரூராட்சிதான். அங்கே 2017-லேயே கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. லாரிகள் அங்கே போய்க் கொட்டுகின்றன. கசடு படுகையில் காய்கிறது, வடியும் நீர் தனியே சுத்தமாகிறது. திருமானூர் ஒன்றியத்து ஊர்கள் சேர்ந்து இப்படி ஒன்று கேட்டால் என்ன?

இன்னொன்று. குழிக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். "காசு கொடுக்கிறோமே" என்று சொல்லாதீர்கள். அது ஒரு வீட்டுப் பிள்ளையின் உயிர்.

பொன்னியின் செல்வன் படம் வந்ததிலிருந்து பழுவேட்டரையர் ஊர் என்று காலரைத் தூக்கிவிடுகிறோம். ஆலந்துறையார் கோயிலைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு, சாக்கடை ஊறிய நிலத்தடி நீரைத்தான் நாம் பதில் மரியாதையாகத் தரப்போகிறோமா?

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் என் பிள்ளைகளே, ஊரில் புது வீடு கட்டும்போது டைல்ஸுக்குக் காட்டும் அக்கறையைத் தொட்டியின் அடித்தளத்துக்கும் காட்டுங்கள். சமையலறை, குளியல் தண்ணீரை வாழைக்கோ உறிஞ்சுகுழிக்கோ விடுங்கள். ஊரில் இருப்பவர்கள் மார்ச் 22, தண்ணீர் தின கிராம சபைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் பதிவாக வேண்டும்.

லைக் வேண்டாம். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு அடித்தளம் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்