வேலை உத்தரவாதமா? ரசீதைக் காட்டு!

"மூணே மாசத்தில் வெப் டிசைனர்! வேலைக்கு உத்தரவாதம்!" மின்சார ரயில் பெட்டியிலிருந்து டீக்கடைச் சுவர் வரை இதே நோட்டீஸ்தான். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். முடிந்தபின் "வேலை எங்கே?" என்று கேட்டால், "இன்டர்வியூவுக்கு அனுப்புறோம்னுதானே சொன்னோம்" என்று பதில் வருகிறது!

அங்கே சொல்லிக் கொடுப்பது என்ன? எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட். மூன்றும் இன்டர்நெட்டில் இலவசம். 'ஃப்ரீகோட்கேம்ப்' என்ற அமைப்பு 2014 முதல் காலணா வாங்காமல் கற்றுத் தருகிறது. அவ்வளவு ஏன், ஜெனீவா 'செர்ன்' ஆராய்ச்சிக் கூடம் 1993-ல் இந்த வெப்பையே உலகத்துக்குச் சும்மாதான் கொடுத்தது! எழுத நோட்பேட், பார்க்க பிரவுசர். இரண்டும் கம்ப்யூட்டரோடு வருபவை.

ஆனால் வீடியோ பார்த்துத் தலையாட்டினால் வித்தை வராது. கையால் தட்டணும். ஒரு குறியை மூட மறந்தால் பக்கமே கோணிக்கொள்ளும். எங்கே தப்பு என்று ராத்திரி உட்கார்ந்து தேடணும். செல்போனில் இது பெரும்பாடு; பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும்.

ஒரு மாதம் பிள்ளை இப்படி உட்காரட்டும். தெருமுனை மளிகைக் கடைக்கு ஒரு பக்கம் போட்டுக் காட்டட்டும். அதற்கப்புறமும் வாத்தியார் வேணுமென்றால் சரி, கட்டுங்கள். 'வேலை உத்தரவாதம்' என்று ரசீதில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு!