பதிவேட்டில் தெரியாத பத்திரிகை

நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகள் இதழியல் படிக்கிறாள். மத்தியப் பிரதேசத்தில் உள்ளூர்ச் செய்தி எந்த நிலையில் இருக்கிறது என்று மாவட்ட வாரியாக ஆராய்ந்து எழுதவேண்டுமாம். "அங்கிள், மாநிலம் முழுக்க லைன்ல அலைஞ்சவர் நீங்க. எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாள். கையில் பதிவு பெற்ற பத்திரிகைகளின் பட்டியல் ஒன்று வைத்திருந்தாள். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

பட்டியலை மட்டும் நம்பிவிடக் கூடாது. தில்லியில் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் 1956 முதல் இருக்கிறது. அதில் பெயர் இருப்பது வேறு, ஊரில் பத்திரிகை இருப்பது வேறு. அரசு விளம்பரத்துக்காகச் சில பிரதிகள் மட்டும் அச்சடிப்பவை உண்டு. பெரிய நாளிதழ்கள் ஊருக்கு ஊர் பதிப்புப் போடுகின்றன, உண்மைதான். ஆனால் சிற்றூர் நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளம்பரமும் அவரே பிடித்துத் தரவேண்டும். விளம்பரம் தந்த கான்ட்ராக்டர் போட்ட ரோடு பெயர்ந்தால் அவர் எப்படி எழுதுவார்?

ரயில்வேயில் நாங்கள் பாதையைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பார்ப்பதில்லை. தண்டவாளம் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அல்ட்ராசானிக் கருவி வைத்தால்தான் தெரியும். அது போக, கீமேன் தினமும் தன் பகுதி முழுவதையும் நடந்தே பார்ப்பார். ஒரு மாவட்டத்தில் அப்படி நடந்து பார்க்கச் சம்பளம் வாங்கும் நிருபர்கள் எத்தனை பேர்? அவர்கள் எழுதியதற்குக் கலெக்டர் ஆபீஸ் பதில் சொன்னதா? எண்ணவேண்டியது இதைத்தான்.

போபாலில் இருக்கும் நமக்கு வேறு உதாரணம் எதற்கு? 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். அதைத் துருவ ஆரம்பித்தவர், 2021இல் காலமான ராஜ்குமார் கேஸ்வானி. அந்த ஆலையால் நகரத்துக்கே ஆபத்து என்று தம் சின்னஞ்சிறு இந்தி வார இதழான 'ரபட்'டில் 1982 செப்டம்பரிலும் அக்டோபரிலும் எழுதினார். கணக்கெடுப்பில் அந்த இதழ் தேறியே இருக்காது. 1984 ஜூனில் தில்லி 'ஜனசத்தா'விலும் எச்சரித்தார். டிசம்பர் 2 இரவு என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

அந்த ஜூனில் நான் இங்கேதான் இருந்தேன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் யாராவது தமிழ்ப் பேப்பர் கொண்டுவருவார்களா என்று பிளாட்பாரத்தில் காத்து நிற்பேன். இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அது 'அவங்க ஊர்ச் செய்தி' என்று நினைப்பு. விபத்து இரவு எனக்குப் பீனாவில் டியூட்டி. போபால் ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்தவர்கள் சிலர் செத்துப்போனார்கள். அவர்களோடு எத்தனையோ நாள் டீ குடித்திருக்கிறேன்.

அதனால் அந்தப் பெண்ணிடம் இன்னொரு கேள்வியும் சேர்க்கச் சொன்னேன்: நம் சங்கத்தில் எத்தனை வீட்டில் உள்ளூர்ப் பத்திரிகையின் நகரப் பக்கத்தைப் படிக்கிறார்கள்? அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குக் கேள்வித்தாளோடு வருகிறாள். முதல் தாளை நான் நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.