“இன்னும் முடிவு எடுக்கல” என்று சொல்வது குற்றமில்லை

கண்டியில் பஸ் ஏறி கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு வருகிற எல்லோருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தெரியும். கலஹா சந்தியில் திரும்பினால் வீதி வளாகத்துக்குள்ளேயே புகுந்துதான் ஹிந்தகலைப் பக்கம் ஏறுகிறது. சின்ன வயசிலிருந்தே ஜன்னல் வழியாக அந்த மரங்களையும் கட்டிடங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அதற்குள்ளே என்னென்ன படிக்கலாம், அதற்கு இப்பவே என்ன செய்ய வேணும் என்று யாரும் எங்களைப் பக்கத்தில் இருத்திச் சொல்லித்தந்ததில்லை.

“அடுத்து என்ன படிக்கப் போறீங்க?” இந்தக் கேள்வி எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் மூன்று தடவை வரும். ஓஎல் முடிந்ததும் ஒரு தடவை, ஏஎல் ரிசல்ட் வந்ததும் இன்னொரு தடவை, கெம்பஸ் போன முதல் வருசம் மூன்றாவது தடவை. மூன்று தடவையும் “இன்னும் முடிவு எடுக்கல” என்று சொன்னால், ஏதோ தப்பு செய்தவர்களைப் போலப் பார்க்கிறார்கள். முடிவு எடுக்கத் தேவையான தகவல் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதல் தடவையை எடுத்துக்கொள்வோம். ஏஎல்லுக்கு ஆர்ட்ஸ், கொமர்ஸ், பயோ, மெத்ஸ், 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவு என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். ஆனால் 1ஏபி பாடசாலையில்தான் விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சீ என்றால் ஆர்ட்ஸும் கொமர்ஸும்தான். இரண்டாம் வகைப் பாடசாலை 11ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். லயத்திலிருந்து ஒரு பஸ்ஸில் போய்வரக்கூடிய தமிழ்மொழிப் பாடசாலை எந்த வகையோ, அதுதான் பல பேரின் “விருப்பம்”. பஸ் ரூட்டும் பாடசாலையின் தரமும் சேர்ந்து எடுத்த முடிவுக்குப் பிள்ளையின் பெயரை வைத்துவிடுகிறோம். பிறகு, “நீதானே ஆர்ட்ஸ் கேட்டாய்” என்று அவளையே குறை சொல்கிறோம்.

இரண்டாவது தடவை இன்னும் சிக்கலானது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருசா வருசம் ஒரு கைநூல் வெளியிடுகிறது. தமிழிலும் வருகிறது. அதை முழுக்க வாசித்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? எங்களில் ஒருத்தியின் விண்ணப்பத்தை நிரப்பியது டவுனில் இருக்கிற கொமியூனிகேஷன் கடை அண்ணா. அவர் நல்லவர்தான். “எல்லாரும் இந்த ஓர்டர்லதான் போடுவாங்க தங்கச்சி” என்று சொல்லி அதேபோலப் போட்டுவிட்டார். அவளுக்குக் கிடைத்தது அவள் கேள்விப்படாத ஒரு பாடநெறி. நான்கு வருசம் அதையே படித்தாள்.

கைநூலை விளங்கப்படுத்த ஒருத்தர் இருந்திருந்தால் சில விசயங்களைத் தெளிவாகச் சொல்லியிருப்பார். விருப்ப ஒழுங்கை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் இசட் புள்ளிக்கு எட்டாத ஒன்றை முதலாவதாகப் போட்டாலும், கீழே இருப்பது கிடைக்கிற வாய்ப்பு குறையாது. ஆகவே “கிடைக்கும்” என்று நினைப்பதை மேலே போடாமல், “வேணும்” என்று நினைப்பதை மேலே போடுங்கள். சட்டம் போன்ற சில பாடநெறிகளுக்கு எந்தப் பிரிவில் ஏஎல் எழுதியவரும் விண்ணப்பிக்கலாம். கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது. அந்தத் திகதியைத் தவறவிட்டால் எவ்வளவு நல்ல இசட் புள்ளி இருந்தும் பிரயோசனமில்லை.

இன்னொரு விசயம் எங்கள் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. அட்டனில் இருக்கிற மாமா மகன் இந்த இசட் புள்ளிக்கு உள்ளே போனான், உனக்கும் கிடைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அட்டன் நுவரெலியா மாவட்டம். மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் இருக்கின்றன. கண்டி இல்லை. கண்டி நகரத்தின் பெரிய பாடசாலைகள் இருக்கிற அதே கணக்கில்தான் தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளையும் வருகிறாள். இது நியாயமா என்பது தனியாக எழுத வேண்டிய கட்டுரை. ஆனால் மாமா மகனின் வெட்டுப்புள்ளி உங்கள் வெட்டுப்புள்ளி இல்லை என்பதையாவது விண்ணப்பிக்க முன்னமே தெரிந்துகொள்ள வேணும்.

மூன்றாவது தடவைதான் யாரும் பேசாதது. ஊரில் எல்லோரும் “கெம்பஸ் கிடைச்சிட்டுது” என்பதோடு மூச்சு விட்டுவிடுகிறார்கள். ஆனால் கலைப்பீடத்துக்குப் போகிற பிள்ளைக்கு உண்மையான தெரிவு அங்கேதான் தொடங்குகிறது. முதல் வருசம் சில பாடங்களை எடுத்துப் படித்து, அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் நான்கு வருச சிறப்புப் பட்டமா, மூன்று வருச பொதுப் பட்டமா, சிறப்பு என்றால் எந்தப் பாடத்தில் என்று முடிவாகிறது. முதல் வருசம் தொடாத பாடத்தில் பிறகு சிறப்புப் பட்டம் செய்வது வழமையாக நடக்காது. அந்த முதல் சில வாரங்களில் எங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஏஎல்லில் செய்த அதே மூன்றையும் எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ரூம்மேட் எடுத்ததை எடுக்கிறார்கள். சமூகவியல், மெய்யியல், தொல்லியல் என்றெல்லாம் இருப்பது அவர்களுக்குப் பட்டியலில் வெறும் பெயர்கள்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இரண்டாம் வருசம் முடியும் வரைக்கும் பிரதான பாடத்தை அறிவிக்காமல் இருக்கலாம். பாடத்தைப் பதிய முன்னம் ஓர் ஆலோசகரைச் சந்தித்துப் பேசுவது அங்கே சாதாரண விசயம். எங்கள் பல்கலைக்கழகங்களிலும் தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன, மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்களில் அநேகமானோர் “பிரச்சினை வந்தால்தான் அவங்ககிட்ட போகணும்” என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முடிவெடுக்க முடியாமல் இருப்பதும் போய்ப் பேச வேண்டிய விசயம்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுப் பக்கத்தையும் சொல்ல வேணும். “டீச்சர் ஆகிடு, அதுதான் நிச்சயம்” என்று அம்மா சொல்வதை நாங்கள் கேலி செய்யமாட்டோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அதற்குப் பிறகு படித்து லயத்தை விட்டு வெளியே வந்தவர்களில் ஊர் கண்ணால் கண்டது அநேகமாக ஆசிரியர்களைத்தான். அம்மா தான் கண்டதைச் சொல்கிறாள். சிறப்புப் பட்டம் என்றால் இன்னும் ஒரு வருசம் கொழுந்துக் கூடை சுமக்க வேணும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆசிரியத் தொழிலில் ஒரு குறையும் இல்லை. வேறு எதையும் பார்க்காமல் அதற்குப் போவதுதான் குறை.

இப்போது எங்கள் தப்பு. நாங்களும் வழிகாட்டல் கருத்தரங்கு வைத்திருக்கிறோம். பெனர் கட்டி, மைக் பிடித்து, “கனவு காணுங்கள்” என்று பேசி, குரூப் போட்டோ எடுத்து வந்தோம். கடைசியில் ஒரு தம்பி எழும்பி, “அண்ணா, நான் பொலிடிக்ஸ் எடுக்கவா ஜியோகிரபி எடுக்கவா?” என்று கேட்டான். “உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க தம்பி” என்று சொன்னோம். அது பதிலே இல்லை. எதற்கு எது தேவை, எது எங்கே கொண்டுபோகும் என்று தெரிந்தால்தானே பிடித்ததா இல்லையா என்று அவனால் சொல்ல முடியும்?

அதனால் கருத்தரங்கை விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். மேடை இல்லாமல், ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் வீதம் பக்கத்தில் இருந்து பேசுவோம். ஓஎல் எழுதி ஏஎல் வகுப்பு தொடங்க முன்னம் ஒரு தடவை, கைநூல் வெளிவந்ததும் அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு தடவை, கெம்பஸில் பாடம் பதியிற வாரத்தில் போனிலாவது ஒரு தடவை. தமிழ்ப் பிள்ளையா முஸ்லிம் பிள்ளையா என்று பார்க்காமல், தெல்தோட்டை பஸ்ஸில் போய்வந்து படிக்கிற அண்ணாமாரும் அக்காமாரும் ஆளுக்கு இரண்டு பேரைப் பொறுப்பெடுத்தால் போதும். “என்னவாகப் போறீங்க?” என்று கேட்க வேண்டாம். “பரீட்சை இல்லாவிட்டாலும் எந்தப் பாடத்தை வாசிப்பீங்க? வீட்டில் எத்தனை வருசம் தாங்குவாங்க?” என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்த ஒருத்தரின் நம்பரைக் கொடுங்கள்.

தங்கச்சி, தம்பி, உங்களுக்கும் ஒன்று. “இன்னும் முடிவு எடுக்கல” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். எங்களிடம் வந்து சொல்லுங்கள். அடுத்த முறை கொமியூனிகேஷனுக்குப் போகும்போது, விருப்ப ஒழுங்கை நீங்களே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அண்ணா டைப் பண்ணினால் மட்டும் போதும்.