வாங்குவதா, செய்வதா?

களக்காடு பக்கம் வாழைத்தார் ஏற்றிச்செல்லும் மொபெட்டைப் பாருங்கள். பின்னால் பெரிய இரும்புக் கேரியர் இருக்கும். பட்டறையில் செய்தது. சரிதான்! தாரின் நீளம் கடைக்காரருக்கு எங்கே தெரியும்?

ஆனால், கேரியரைப் பிடித்து நிற்கும் போல்ட்டை விலைக்கே வாங்குங்கள். தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவிசை தாங்கும் என்பது அதன் பொருள். சாதாரணக் கம்பியில் மரை வெட்டிய போல்ட் ஏறக்குறைய அதில் பாதிதான் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே! அறுந்தால் தார் மட்டுமா விழும்?

பிரேக் சாமான்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாங்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் விதிக்கலாம். பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்தபின் கேட்டால், அறுத்தெடுக்கவும் கூலி கொடுக்க நேரும்.